நெட் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்று ஒரு பதில் வந்து நான் கேட்டதில்லை. ஆறு வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவள் சொல்கிறேன். 'வேண்டாம்', 'முடியாது' என்பதும் அப்படித்தான். காலையில் கீரைக்காரி வாசலில் நின்று, "சாரே, சீர வேணோ?" என்பாள். "நாளைக்கு நோக்காம்" என்பார். நோக்காம் என்றால் மலையாளத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தப் பொம்பளையும் ஆறு வருஷம் தினமும் கூடையை இறக்கி, கேட்டு, ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு கட்டுக் கீரைகூட அந்த வீட்டுக்குள் போய் நான் பார்த்ததில்லை. வேண்டாம்மா என்று ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் அவளுக்குக் கழுத்து வலியாவது குறையுமே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பழவங்காடியில் பஸ்ஸை விட்டிறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் கோட்டைக்குள் எங்கள் தெரு, மலையாள ஊருக்கு நடுவே ஒரு தமிழ் அக்ரஹாரம். தெருவில் எல்லாரும் அவரை மாமா என்பார்கள். நான் சார் என்பேன். நான் போனக்காட்டு எஸ்டேட்டில், தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். அக்ரஹாரத் தெருவில் போய் மாமா என்று உறவு கொண்டாட எனக்கு வாய் வரவில்லை. அவர் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நான் குடிவருவதற்கு முந்தின வருஷம் தவறிப்போயிருந்தார். ஒரே மகள் கனடாவில்.

அந்த மகள் வீட்டை விற்கலாம் என்றாள். ஒரு பில்டர் இடித்து ஃப்ளாட் கட்டத் தயாராக இருந்தான். வீடு அப்பா பேரில் இருந்ததால் அவர் 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானே நடந்துவிடும். அப்பா பெட்டி கட்டிக்கொண்டு கனடா போக வேண்டியதுதான். நான் மாடியைக் காலி பண்ண வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தையை வாங்க மகள் இரண்டு மாதத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முயற்சி பண்ணினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் லேப்டாப்பில் நெட் கிடைக்காது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நெட் வர வைப்பதுதான் என் தொழில். ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் எட்டு மணி நேரம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான். ஊருக்கெல்லாம் நெட் வர வைத்தேன். கீழ் வீட்டில் முடியவில்லை.

லேப்டாப் விஷயத்துக்கு முன்னால் எனக்கு வீடு கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் சாம்பார் அலுத்துப்போய் வீடு தேடிக்கொண்டிருந்தபோது, மாடி காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, நேராகப் போய்க் கேட்டேன். என்ன ஊர், அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "தாராளமா இருக்கலாம். ஆனா மேல தண்ணி ஏறாது, கேட்டேளா" என்றார்.

மறுநாள் பிளம்பரோடு போனேன். மோட்டாரில் ஏதோ வால்வு அடைத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறியது. "பேஷ், பேஷ். ஆனா மாடிச் சாவி எங்க வெச்சேன்னு ஓர்மையில்லை" என்றார். பூட்டுத் திறக்கிற ஆளைச் சாலைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு ஃபியூஸ் போயிற்று. எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. கடைசியில், "மச்சில மரப்பட்டி இருக்கு. ராத்திரி ஓடும். பொம்மனாட்டி தனியா இருந்தா பயப்படுவேள்" என்றார். மரப்பட்டி என்றால் மரநாய்.

"எங்க லயத்துல யானை வரும் சார். கதவு வரைக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார், அங்கே டக் டக் என்று அடித்துக்கொண்டு சுற்றிய ஃபேனைப் பார்த்தார். "அப்போ செரி" என்றார். எட்டாம் நாள் பெட்டியோடு குடிவந்தேன். எவ்வளவு நல்ல மனுஷன், வீட்டில் இருக்கிற குறையையெல்லாம் ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட்டாரே என்று அம்மாவுக்குப் போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னேன். மண்டு.

கூடத்தில் இருந்த அந்த ஃபேனுக்கு ஒரு வரலாறு உண்டு. அவர் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்ததாம். மாற்றிவிடலாமா என்று கேட்டால், "நோக்காம்."

அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் பார்க்க வந்திருந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "இவர் ஒரு அப்ளிகேஷனைக்கூடத் தள்ளினதில்ல, தெரியுமா?" என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஆச்சரியம். சர்க்கார் ஆபீசில் இப்படி ஒரு தங்கமா? அவர் சிரித்தார். "தள்ள மாட்டார். திருப்பி அனுப்புவார். ஒப்பு, அதான் கையெழுத்து, இல்லேன்னு ஒரு தடவை, ஒப்பு இருந்தா தேதி இல்லேன்னு ஒரு தடவை, தேதி இருந்தா நகல் தெளிவில்லேன்னு ஒரு தடவை. ஒருத்தன் ஏழு தடவை நடந்தான். ஏழாவது தடவை எல்லாம் செரியா கொண்டுவந்துட்டான்."

"அப்புறம்?"

"அன்னிக்கு இவர் லீவு."

சார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வேறு யாரைப் பற்றியோ பேசுகிற மாதிரி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஏழு தடவை நடந்த ஆளின் செருப்பு என்ன கதியாகியிருக்கும் என்று மாடிப்படி ஏறும்போதுதான் தோன்றியது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். கோபப்படவில்லை. "ஆத்துல இல்லைங்கற வார்த்தை சொல்லப்படாதுன்னு அவ சொல்லுவா. அரிசி தீர்ந்து போனாக்கூட நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். நாப்பது வருஷம் கேட்டுக் கேட்டு நாக்குல ஒட்டிண்டுடுத்து" என்றார். மனைவி அரிசிப் பானைக்குச் சொன்ன விதியை இந்த மனிதர் உலகம் முழுவதற்கும் நீட்டிவிட்டார்.

அந்த அம்மாள் விஷயத்திலேயே அதைப் பார்த்தேன். நான் குடிவந்த புதிதில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து புடவை மூட்டையோடு ஒரு வியாபாரி வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவராம். "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். சார் கதவைப் பிடித்துக்கொண்டார். "இப்பப் பாக்கறது கஷ்டம். தாமசிக்கும்" என்று, நேரமாகும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் நான் இறங்கிப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். ஜன்னலுக்கு உள்ளே சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, நேராகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் புரளவே இல்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

சரி, லேப்டாப். வீட்டை விற்கிற பேச்சை மகள் முதலில் போனில்தான் எடுத்தாள். சாரிடம் இருந்தது பட்டன் போன். காதில் வைத்து எல்லாவற்றுக்கும் உம் உம் என்று கேட்டுவிட்டு, "இந்த மாதிரிக் காரியமெல்லாம் முகம் பார்த்துப் பேசணும்டி. போன்ல செரியாகாது" என்றார். மகள் உடனே, தான் வந்தபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுக்கச் சொல்லி, வைஃபைக்கும் அங்கிருந்தபடியே ஏற்பாடு பண்ணிவிட்டாள். என் போனிலேயே வீடியோவில் பேசலாமே சார் என்று நான் கேட்டேன். "அது உங்க சொந்தப் போனாக்கும். அதில எங்காத்துக் காரியம் பேசறது மரியாதையில்லை" என்றார். என்ன பண்பு, பாருங்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஏழரை மணி என்று ஏற்பாடு. அப்போது கனடாவில் காலை. முதல் ஞாயிற்றுக்கிழமை நெட் வரவில்லை. திங்கள்கிழமை நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் வயர்லெஸுக்கு என்று தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அது ஆஃபில் இருந்தது. அது நிஜமாகவே அவருக்குத் தெரியாமல் நடந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

எனக்கு மாதத்தில் பாதி ஞாயிறு ஷிஃப்ட் இருக்கும், மீதி ஞாயிறு தூக்கம். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது என்று, ஒரு முழுத்தாள் எடுத்து 'நெட் வரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை' என்று ஒன்பது பாயிண்ட் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஸ்லோகப் புத்தகம் படித்த பழக்கத்தில் தமிழ் வாசிக்க வரும், எழுதத்தான் வராது. வைஃபை பெட்டிக்குக் கரண்ட் போகிறதா என்பது முதல் பாயிண்ட். எல்லாம் சரியாக இருந்தால் என்னைக் கூப்பிடவும் என்பது ஒன்பதாவது. எங்கள் ஆபீஸ் ட்ரெய்னிங்கில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தருவதில்லை. அவர் தாளை இரண்டு தடவை வாசித்தார். "நல்ல விவரமா இருக்கு. இதெல்லாம் செரியா இல்லேன்னா வராது, அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் சார், இதில் எது ஒன்று தப்பினாலும் வராது என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நெட் வரவில்லை. போய்ப் பார்த்தால் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கொசு மருந்து செருகியிருந்தது. "கொசு பிடுங்கித் தின்னுடுத்து" என்றார். அதற்கடுத்த வாரம் பெட்டியின் பின்னாலிருந்த ஒயர் கழன்றிருந்தது. தூசி துடைத்தாராம். ஒரு வாரம் பக்கவாட்டு ஸ்விட்ச் மறுபடி ஆஃபில். ஒரு வாரம் ஏரோப்ளேன் மோட் ஆனில் இருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "கனடாவுக்கல்லோ பேசணும், அதுதான் விமானப் படத்தை அமுத்தினேன்."

வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவதோ ஏழாவதோ வாரம், நெட் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பார்த்தால் லேப்டாப்பில் தேதி பத்து வருஷம் பின்னால் இருந்தது. தேதி தப்பாக இருந்தால் பல இடங்கள் உள்ளே விடாது. இதை மாற்ற வேண்டுமானால் நாலு படி உள்ளே போக வேண்டும். எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு வழி தெரியாது. "கை பட்டிருக்கும் சார்" என்று நானே அவருக்குக் காரணமும் எடுத்துக் கொடுத்தேன். "ஆமா, பட்டிருக்கும்" என்று உடனே ஒத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மகள் எனக்குப் போன் பண்ண ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, நீங்க ஹெல்ப் டெஸ்க்தானே? என்னதான் ப்ராப்ளம்?" அந்த 'தானே'யில் எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு திங்களும் சரி பண்ணுகிறேன், ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக ஒன்று வருகிறது, இப்படி ஒரு மெஷினை நான் பார்த்ததே இல்லை என்றேன். பிறகு, "வர்ற ஞாயிறு பில்டரும் வீடியோ கால்ல வரான். நீங்க லீவு போட்டுக் கூட இருங்க அக்கா, ப்ளீஸ். அப்பா அங்க தனியா விழுந்து கிடந்தாக்கூட எனக்குத் தெரியாது. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கறது" என்றாள். அது பொய்யில்லை. அவள் குரலே அப்படி இருந்தது. லீவு போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் பில் கட்டுவதற்காகக் கீழே போனேன். ஆன்லைனில் நான்தான் கட்டுவேன். "அலமாரியில ஃபைல் இருக்கு, எடுத்துக்கோங்கோ" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார். அலமாரியில் நாடா கட்டிய ஃபைல்கள் வரிசையாக இருந்தன. கரண்ட், தண்ணி, வீட்டு வரி. நாலாவதன் மேல் மலையாளத்தில் 'வைஃபை' என்று எழுதியிருந்தது. வைஃபைக்கு என்ன ஃபைல் என்று நாடாவை அவிழ்த்தேன்.

உள்ளே என் ஒன்பது பாயிண்ட் தாள். முதல் பாயிண்டுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி, சுருக்கொப்பம். இரண்டாவதற்கு நேரே ஒரு டிக், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுருக்கொப்பம். மூன்று, நான்கு, ஐந்து. ஒரு வாரம்கூட விடவில்லை, ஒரு பாயிண்ட்கூடத் தாண்டவில்லை. முறைப்படி மேலிருந்து கீழே எட்டு பாயிண்டும் முடித்திருந்தார். தேதி மாற்றுகிற அந்த நாலு படியும்கூட என் கையெழுத்தில் அங்கே இருந்தது. நெட் வர வைப்பதற்காக நான் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் வாரம் ஒன்றாக நெட்டை நிறுத்தியிருக்கிறார்.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். என் கையில் ஃபைலைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "என்ன சார் இது? எட்டு வாரமா நான் கிறுக்கச்சி மாதிரி வந்து வந்து ஒயரை மாட்டிட்டுப் போறேன்! அங்க உங்க மக தூங்காம கெடக்கா! வீட்டை விக்க இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை! சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"யார்கிட்ட? அவகிட்டயா?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை போலிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ அஞ்சாங்கிளாஸ் படிக்கறச்சே சைக்கிள் கேட்டா. இந்தத் தெருவில, இந்தப் பஸ் நெரிசல்ல, எனக்குப் பயம். அவளுக்குச் சிவப்புதான் வேணும். கடையில சிவப்புக் கலர் வரல்லைன்னு சொன்னேன். மூணு வருஷம் வரல்லை. ஒரு நாள் அவளே வந்து, 'கலர் இனிமே வராதுப்பா, நான் பஸ்ஸிலேயே போறேன்'னு சொன்னா. அதுக்கப்புறம் கேட்கவே இல்லை, கேட்டேளா. அவளுக்கு நான் எதையும் இல்லைன்னு சொன்னதே கிடையாது."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது பெருமை கொஞ்சம் கரைந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் ஏறவில்லை, சாவி காணவில்லை, ஃபியூஸ் போயிற்று, மரப்பட்டி ஓடும். வாங்கோ வாங்கோ என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரம் இந்த ஆள் எனக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார். நானோ சாத்தின கதவுக்கெல்லாம் ஆள் பிடித்துக்கொண்டு போய் ரிப்பேர் பண்ணியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அசிங்கமாக இருந்தது.

"அப்ப எனக்கும் இதேதானா சார்? லயத்துக்காரி வேண்டாம்னுதான் தண்ணி ஏறாதுன்னு சொன்னீங்களா?"

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "வால்வு நிஜமாவே அடைச்சிருந்தது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெருவில என்ன சொல்லுவாளோன்னு இருந்தது. தப்புதான். நீங்கோ எல்லாத்தையும் செரியாக்கிட்டேள். அது நல்லதாச்சு" என்றார். நான் பில்லைக்கூட எடுக்காமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். எப்படியோ போகட்டும், வீட்டை விற்றால் விற்கட்டும், எனக்கு வேறு மாடியா கிடைக்காது என்று வீம்பாக இருந்தேன். உண்மையில் கிடைக்காது. என் சம்பளத்துக்குக் கோட்டைக்குள் அந்த மாதிரிக் காற்றோட்டமான இடம் எங்கே கிடைக்கும்? சாயங்காலம் ஏழே காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "ஒன்பதாவது பாயிண்ட்!"

எல்லாம் சரியாக இருந்தால் என்னைக் கூப்பிடவும். நான்தானே எழுதினேன். இறங்கிப் போனேன்.

கூடத்தில் சின்ன மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. அவர் சலவை வேட்டி, சட்டையோடு அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், விபூதி பளிச்சென்று. நெட் முழுசாக இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு. தேதி சரி. ஸ்விட்ச் ஆனில்.

"எல்லாம் செரியா இருக்கு. அதாக்கும் இப்ப ப்ரச்னம்" என்றார்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. வைஃபை பெட்டி என் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்தது. என் கை அதன் பிளக் வரைக்கும் போயிற்று, அதை மறைக்க மாட்டேன். ஒரு இழுப்பு இழுத்தால் அவருக்கு வீடு, எனக்கு மாடி. ஆனால் நேற்று அந்தக் கத்துக் கத்திவிட்டு இன்று நானே இழுத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? கையை எடுத்துவிட்டேன். "நீங்களே சொல்லுங்க சார்" என்றேன்.

லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. அவர் பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு கட்டத்தில் மகள், ஒரு கட்டத்தில் பில்டர், கீழே ஓரத்தில் சின்னதாக சார். மேசை தாழ்வாக இருந்ததால் அவர் முகத்துக்கு மேலே கூரையும் தெரிந்தது. நான் படத்தில் விழாமல் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

"அப்பா! அப்பாடா, வந்துடுத்து! கேக்கறதா?" மகளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எளைச்சுட்டேளே அப்பா."

"கேக்கறது, கேக்கறது. நன்னா தெரியறே" என்றார். அவருக்கும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குளிர் எப்படி, சாப்பிட்டாயா என்று இரண்டு நிமிஷம் பேசினார்கள். பில்டர் தொண்டையைக் கனைத்தான். "சாரே, நமுக்கு காரியத்திலேக்கு கடக்காம்" என்றான். விஷயத்துக்கு வரலாமாம்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, அன்னிக்கே எல்லாம் சொன்னேனே. உங்களுக்கு இங்க ரூம் ரெடியா இருக்கு. தனியா இருக்க வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் மேல பாத்துக்கறேன். சம்மதம்தானேப்பா?"

சாரின் வாய் திறந்தது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை என்று சொல்லப்போகிறார், வாழ்க்கையில் முதல் தடவை. வாய் திறந்தபடியே நின்றது. கண் நிலைகுத்தியது. வலது கை மார்புக்கு நேரே பாதி தூக்கினபடி அந்தரத்தில் நின்றது.

ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தேன். அவர் தலையைத் திருப்பாமல், இடது கையை மேசைக்கு அடியில் வைத்து, போ என்று எனக்குச் சைகை காட்டினார்.

கடவுளே. அந்த மனுஷன் ஹேங் ஆகியிருந்தார்.

"ஹலோ, ஹலோ, சாரே?" என்றான் பில்டர். "மாடம், சார் ஹேங் ஆயி. நெட் போயி."

சார் இமைக்கவில்லை. என்ன ஒரு பயிற்சி! எழுபத்து மூன்று வயசில், திறந்த வாய் மூடாமல், தூக்கிய கை இறங்காமல், நின்றுபோன படமாகவே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் திரையின் ஓரத்தில் அவருடைய சின்னக் கட்டத்தைப் பார்த்தேன்.

அசையாத முகம். அதற்கு மேலே கூரை. கூரையில் அந்த ஃபேன் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டக், டக், டக்.

மகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது. சின்ன வயசிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கினவள். முதலில் அவள் முகத்தில் ஒரு கோபம் வந்தது, நான் பார்த்தேன். அது நேற்று எனக்கு வந்த அதே கோபம். பிறகு உதடு கோணிக்கொண்டது. ரொம்ப நேரம் அப்படியே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரின் தூக்கிய கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது.

"ஆமா, ஹேங்தான் ஆயிடுத்து" என்றாள் மெதுவாக, பில்டரிடம் சொல்கிற மாதிரி. பிறகு அப்பாவைப் பார்த்தே சொன்னாள். "நெட் இனிமே வராதுப்பா. நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன். நீங்க கையைக் கீழ போடுங்கோ, வலிக்கும்."

திரை இருண்டது.

சார் உடனே கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறக்கினார். வாயை மூடினார். தாடையைத் தடவிக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, இவ்வளவு நேரம் இமைக்காததால் இருக்கும் என்று நானும் வேறு பக்கம் பார்த்தேன். "கண்டுபிடிச்சுட்டாளோ?" என்று கேட்டார்.

நேருக்கு நேராகச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று முந்தின நாள் அவ்வளவு ஏசினவள் நான். ஆமாம் சார், கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்குச் சரியா கேக்கல சார். நெட் மோசம்" என்றேன்.

அவர் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து வைஃபை ஃபைலை எடுத்துவந்தார். நாடாவை அவிழ்த்தார். ஒன்பதாவது பாயிண்டுக்கு நேரே டிக் அடித்து, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்தார். அதற்குக் கீழே, என் கையெழுத்து முடிந்த இடத்தில், தமிழ் எழுதிப் பழக்கமில்லாத கோணல் எழுத்தில், சிவப்பு மையில் ஒன்று சேர்த்தார்.

10. ஃபேன்.